அம்பாரத்தின் மேல் ஒரு வெண்கலக் கத்தி

எனக்கு வெண்கலம் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் எரிச்சல் வரும். எனக்கே தெரியாததை இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்வது? நகை சேர்க்கிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பட்டுப்புடவை சேர்க்கிறவளையும் கேட்பதில்லை. கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்தில், குத்தகைக்கு உழுகிற வீட்டில் பிறந்த ஒருத்தி, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி நிறைய ஈட்டி முனையும் வாள் பிடியும் வைத்திருந்தால் மட்டும் ஊரே வரிசையில் நின்று கேட்கும்.

நான் அப்போது கிராமத்து நர்ஸ். பிரசவம் பார்ப்பேன், குழந்தைகளுக்கு ஊசி போடுவேன், இத்தோடு நிறுத்திக்கொள் என்று பெண்களிடம் சொல்லி அவர்கள் மாமியார்களிடம் வசவு வாங்குவேன். அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். எங்கள் தெருக்காரர்கள் வாசலில் நின்று பேசவே தயங்கிய வீடுகளில், கொல்லைப்பக்கம் வழியாகத்தான் என்றாலும், பிரசவ அறை வரைக்கும் போய் வந்தேன். வலி கூடும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு கொல்லையில்தான் முதல் சாமான் கிடைத்தது.

சென்னையில் ஆட்சி மாறி, கரை வேட்டிக்காரர்கள் தாலுக்கா ஆபீஸில் உரிமையோடு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்திருந்த காலம் அது. நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்தது. உடனே பெரிய வீடுகளெல்லாம் பாகம் பிரிக்கத் தொடங்கின. மாப்பிள்ளை பெயரில், மச்சினன் பெயரில், இனிமேல் பிறக்கப்போகிற பேரன் பெயரில்கூட வயலை எழுதிவைத்தார்கள் என்று ஊரில் சிரித்தார்கள். காகிதத்தில்தான் பிரித்தார்கள். ஆனாலும் பிரித்த மாதிரி காட்ட வேண்டும் அல்லவா, அதற்காகப் பரணைக் காலி செய்தார்கள்.

அந்தக் கொல்லையில் பழைய சாமான்கள் குவிந்து கிடந்தன. ஓட்டை விளக்கு, நசுங்கிய செம்பு, துருப்பிடித்து இற்றுப்போன வாள்கள். ஒரு வாளின் பிடி மட்டும் இற்றுப்போகாமல் இருந்தது. வெண்கலம். ஒரு யாளி வாயைத் திறந்துகொண்டு, பிடிக்கிறவன் விரலைக் கவ்வ வருகிற மாதிரி வளைந்திருந்தது. நான் அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

"எடுத்துக்கிட்டுப் போயேன். அத வச்சு என்னா பண்ணப்போற, ஊறுகா போடப்போறியா?"

எடுத்துக்கொண்டேன். அன்று அவர் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த அம்மாவின் சிரிப்பு அதோடு போயிற்று. நான் பைக்குள் யாளியை வைத்துக்கொண்டு வரப்பில் குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு பாய் வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். சைக்கிள் கேரியரில் சாக்குக் கட்டிக்கொண்டு, பழைய இரும்பு பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து ஊர் ஊராகச் சுற்றுவார். பெரிய வீட்டுப் பரணிலிருந்து இறங்கியதெல்லாம் கடைசியில் அவர் சாக்குக்குள்தான் போயிற்று. அரசர்கள் காலத்துக் கவசத்தைப் போட்டுவிட்டு ஒரு பிடி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு போன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். வெண்கலமாக ஏதாவது வந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்து, எங்கள் சுகாதார நிலையத்து வாசலில் மணி அடிப்பார்.

"நர்சம்மா, ஒங்க சாமான் வந்திருக்கு. ஒரு நாளைக்குப் போலீஸ் வந்து, இந்தப் பாய்தான் ஆயுதம் சப்ளைன்னு என்னைய உள்ள தூக்கி வைக்கப்போறாங்க."

"வச்சா நானே சோறு கொண்டாறேன் பாய். குடுங்க அத."

இப்படிச் சேர்ந்தவைதான் எல்லாம். குதிரையின் மார்பில் தொங்கவிடும் பதக்கம் ஒன்று, நடுவில் சூரியன் முகம். அன்னம் கோத்த விளக்குச் சங்கிலி. ஒரு ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு நிற்கும் பாக்குவெட்டி. அதைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பல்லக்குக் கொம்பின் முனையில் மாட்டுகிற சிங்கத்தலை. ஈட்டி முனைகள் சில. இரும்பை நான் தொடுவதில்லை. அது துருப்பிடித்துக் கையெல்லாம் அப்பும்.

அந்த ஈட்டி முனைகள்தான் என்னைப் படாத பாடு படுத்தின. கம்பு செருகுகிற இடத்தில் சுற்றிலும் தாமரை இதழ் செய்திருந்தார்கள். ஒவ்வொரு இதழிலும் நரம்பு தெரியும். ஒருத்தன் வயிற்றில் குத்துவதற்குச் செய்த சாமானில் எதற்குத் தாமரை? குத்துப்பட்டவன் பூவைப் பார்த்து ஆறுதல் அடைவானா? செய்தவனுக்கு எந்தப் பக்கத்தில் மனசு இருந்தது, கூரிலா பூவிலா? வெண்கலத்தைத் தீட்டினால் கூர் நிற்காது என்று பாய் சொல்வார். அப்படியானால் இது குத்தத்தான் செய்யப்பட்டதா, இல்லை ஊர்வலத்தில் தூக்கிப்போக மட்டுமா? கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பேன். ஒன்றும் பிடிபடாது.

என் தம்பிக்கு இதெல்லாம் கேலி. அவன் செங்கொடிச் சங்கத்தில் இருந்தான். "மிராசுதார் வீட்டு ஈட்டியெல்லாம் நம்ம வீட்டுக் கட்டிலுக்கடியில கெடக்கு. புரட்சிய நீ மட்டும் தனியா முடிச்சிட்டக்கா" என்பான். அம்மாவுக்கு வேறு கவலை. "ஊரு ஒலகத்துல பொண்ணுங்க தாலிக்குத் தங்கம் சேக்குதுங்க. இவ கத்தி சேக்குறா. எந்த மாப்ள வருவான்?" ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை. அதற்குக் கத்தி காரணம் இல்லை.

கத்தி என்று நான் சொல்வது ஒன்றைத்தான். வாய்க்கால் தூர் வாரியபோது கிடைத்தது என்று சொல்லிப் பாய் கொடுத்தது. ஒரு முழம் இருக்கும். அலகு வெற்றிலை மாதிரி நடுவில் அகன்று நுனியில் குவிந்திருந்தது. பிடியும் அலகும் ஒரே வார்ப்பு. பிடியில் இரண்டு கிளிகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. சேற்றில் கிடந்து மேலெல்லாம் கறுத்து, பள்ளங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

அதைத் தஞ்சாவூருக்குத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், பழம்பொருள் தெரிந்தவர் என்று சொன்ன ஒருவரிடம் காட்டினேன். ரொம்பப் பழசு என்றார். பக்கத்தில் இருந்தவர், இல்லை, உற்சவத்தின்போது சாமி கையில் வைக்கிற ஆயுதம் என்றார். டீ கொண்டுவந்தவரையும் கேட்டுவைத்தேன். ராஜபார்ட் வேஷத்துக்கு இடுப்பில் செருகுகிறதுங்க என்றார் அவர். மூவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். புளி போட்டுத் தேய்க்காதே, கறுப்பு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். வந்த வழியே பஸ் ஏறினேன். வீட்டில் கேட்டவர்களிடம் "பழைய கத்தி" என்று மட்டும் சொல்லிப் பெட்டியில் வைத்தேன்.

இனி நிலத்தின் கதைக்கு வருகிறேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீடு ஒரு மிராசுதாரின் வயலைக் குத்தகைக்கு உழுதது. அப்பா போன பிறகு தம்பி உழுதான். குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது, அவன் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும், மிராசுதார் ஒரே போடாகப் போட்டார். இவன் குத்தகைக்காரனே இல்லை, என் சொந்தச் சாகுபடி, இவன் எனக்குக் கூலியாள். எங்களிடம் ஒரு ரசீதும் கிடையாது. நெல் அளந்து போட்டுவிட்டுக் கும்பிட்டு வருவதுதான் வழக்கம்; அதற்கு யார் ரசீது கேட்டார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பா முதுகு கூனியதெல்லாம் யாருடைய சொந்தச் சாகுபடி?

சம்பா முற்றியது. மிராசுதார் அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டிவரப்போகிறார் என்று தெரிந்ததும், தம்பியும் தெருக்காரர்களும் முந்திக்கொண்டு அறுத்துக் களத்தில் அடித்துக் குவித்துவிட்டார்கள். தாசில்தார் வந்தார். யாருக்கு என்று முடிவாகிறவரை இந்த அம்பாரத்திலிருந்து ஒரு மணி நெல் நகரக் கூடாது என்றார். குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குறி கலைந்தால் நெல்லை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அக்கம்பக்கத்து ஊர்களில் அடிதடி நடந்திருந்ததால், போலீஸ்காரர்கள் சாக்கோடு வந்து தெருவில் இருந்த அரிவாளையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கதிர் அறுக்கிற கருக்கரிவாளைக்கூட விடவில்லை.

இங்கேதான் என் அம்மா நுழைந்தாள். எங்கள் பக்கத்தில் களத்து நெல்லை வெறுமனே விடுவதில்லை. அதன் மேல் இரும்பு வைக்க வேண்டும். அறுத்த அரிவாளையே அம்பாரத்தின் தலையில் செருகிவைப்பார்கள். இரும்பு இருந்தால் காற்றோ கறுப்போ நெல்லைத் தொடாது, நெல் குறையாது. அம்மா தன் ஆயுசில் இரும்பு இல்லாத அம்பாரத்தைப் பார்த்ததில்லை. அந்த வருஷம் அரிவாளெல்லாம் போலீஸிடம். நெல்லோ வழக்கில் இருக்கிற நெல், காவல் அதிகமாக வேண்டிய நெல். நான் ஊசி போடப் போயிருந்தேன். அம்மா என் பெட்டியைத் திறந்து, கறுத்துப்போயிருந்த அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டுபோய், கும்பிட்டு, அம்பாரத்தின் உச்சியில் கிளிகள் மேலே தெரிகிற மாதிரி செருகிவிட்டு வந்தாள்.

பிற்பாடு அவளை உலுக்கி எடுத்தேன். ஒரு ஆணியை வைத்திருக்கக் கூடாதா?

"ஆணி நெல்லுக்குள்ள பூந்துக்காதா?"

"அருவாமனை இருந்துச்சுல்ல?"

"பொம்பள கால வச்சு உக்கார்ற சாமான நெல்லு தலையில வைக்கிறதா? நல்லாப் படிச்ச போ."

அம்மாவோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை.

மறுநாள் காலையில் மிராசுதாரின் காரியக்காரர் மாட்டு வண்டிகளோடும் ஆட்களோடும் நெல்லை அள்ளிப்போகக் களத்துக்கு வந்தார். அவர் மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்கிறவர். எங்கள் தெரு முழுக்கக் களத்தில் இறங்கியது. தள்ளுமுள்ளு. நான் அப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைக்குச் சொட்டுமருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஓடினேன்.

காரியக்காரர் வண்டிச் சக்கரத்தின் அருகில் உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே ரத்தம். "குத்திட்டான், அவன்தான் குத்திட்டான்" என்று என் தம்பியைக் காட்டினார். தம்பி அம்பாரத்தின் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தான். நான் யாரையும் பார்க்கவில்லை, காயத்தைப் பார்த்தேன். அதுதான் என் வேலை. காயத்தின் ஓரம் நேராக இல்லை. தோல் பிய்ந்து, சதை கிழிந்த மாதிரி இருந்தது. கத்திக் காயம் எனக்குத் தெரியும். வாய் ஒரே கோடாக இருக்கும். இது வேறு. அண்ணாந்து பார்த்தேன். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஓரிடத்தில் பிளந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது. விழுந்து கிழித்துக்கொண்டவர் தம்பி மேல் பழி போடுகிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. கழுவி மருந்து வைத்துக் கட்டினேன்.

போலீஸ் வந்தது. ஏட்டையா அம்பாரத்தைச் சுற்றி வந்தார். உச்சியில் கிளிகள். கையை நீட்டி உருவினார். நெல்மணிகள் சரிந்தன. அது எப்படி அங்கே வந்தது என்றே அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற அம்மா, "அய்யோ, அத எடுக்காதீங்க, நெல்லு குறைஞ்சிடும்" என்றாள். கத்தியில் ரத்தக்கறை இல்லை. துடைத்திருப்பார்கள் என்று எழுதிக்கொண்டு தம்பியைக் கூட்டிப் போனார்கள்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் கத்தி கிடந்தது. அதன் கழுத்தில் சணலால் ஒரு அட்டை கட்டியிருந்தார்கள்.

"ஐயா, இது எலுமிச்சம்பழத்தக்கூட வெட்டாதுங்க. ரொம்பப் பழைய வெண்கலம். நான் பாத்து ஆசப்பட்டு வாங்கினது."

"வெட்டாத கத்திய எதுக்கும்மா நெல்லுல ஒளிச்சு வச்சீங்க?"

"ஒளிக்கலீங்க. உச்சியில வச்சிருக்கு. எங்கம்மா காவலுக்கு வச்சாங்க."

"அதத்தானே நானும் சொல்றேன், காவலுக்குத்தான் வச்சிருக்கீங்க" என்றார்.

தம்பியைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கத்தி தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். "ஒன் பேரு வந்தா சர்க்கார் வேலை போயிடும்க்கா" என்றான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. ரெண்டும் செய்யாமல் கேட்டேன்.

"நீ குத்தினியாடா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். "காயத்த நீதானக்கா பாத்த?"

"பாத்தேன். அது கிழிஞ்ச காயம்."

"அப்பறம் என்னா" என்றான்.

ஜாமீன் கிடைக்கவில்லை. ஊர் கொதித்துக்கொண்டிருந்ததால் கொடுக்க மாட்டார்கள் என்றார் சங்கத்து வக்கீல். அவர் என்னை உட்காரவைத்து விஷயத்தை விளக்கினார், விளக்கி முடித்ததும் எனக்கு இருந்த தெளிவும் போய்விட்டது. அது பழம்பொருள் என்று நிரூபித்தால் ஆயுதம் இல்லை என்று ஆகலாம், தம்பி வெளியே வரலாம். ஆனால் பழம்பொருளைச் சர்க்காருக்குச் சொல்லாமல் வைத்திருந்தது ஏன், எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று என்னைக் கேட்பார்கள். சாதாரணக் கத்தி என்று சொன்னால் எனக்குப் பிரச்சினை இல்லை, தம்பிக்குத் தண்டனை.

"இப்ப அது என்னான்னு நீங்க சொல்றீங்க?" என்றார்.

"அது தெரிஞ்சா நான் ஏங்க இப்படிக் கெடந்து அலையறேன்?" என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனுஷர். பிறகு ஒரு நிதானத்துக்கு வந்து, என்னுடையது என்றே சொல்கிறேன், வேலை போனால் போகட்டும், தம்பி வரணும் என்றேன். அதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

விசாரணை நாளில் காரியக்காரர் சொல்லி முடித்ததும், எங்கள் தரப்பில் நான் முதலில் கூண்டில் ஏறினேன். காயத்தைப் பற்றிச் சொன்னேன். கத்திக் காயத்துக்கும் கிழிசலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். சக்கரத்துப் பட்டையைச் சொன்னேன். கத்தி என்னுடையது, அழகுக்காகச் சேர்த்தது, எலுமிச்சம்பழத்தைக்கூட வெட்டாது என்றேன். என் குரல் கணீரென்று இருந்ததாக வக்கீல் பிறகு பாராட்டினார். தஞ்சாவூரிலிருந்து வரவழைத்திருந்த பழம்பொருள்காரர், பழசாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அவரை வரவழைத்ததற்கு எங்கள் தலையில் நாங்களே அடித்துக்கொண்டோம்.

அடுத்தது அம்மா. மாஜிஸ்திரேட் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அம்பாரத்தில் இரும்பு வைக்கிற வழக்கம் அவருக்குப் புதிது. அம்மா அதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள், வீட்டுக்கு வந்த சம்பந்திக்குச் சொல்கிற மாதிரி. கீழே உட்கார்ந்திருந்த கோர்ட்டு குமாஸ்தா, நம் பக்கத்து ஆள், தன்னை அறியாமல் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்போது போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். கத்தியை வாங்கினார். தன் இடுப்பிலிருந்த சாவியால் அதன் அலகில் அழுத்தி ஒரு கீறு கீறினார். என் பல் கூசியது. கறுப்புக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு பளிச்சென்று வந்தது.

"இரும்பு வைக்கிறதுதான் வழக்கம்னு சொல்றாங்க. இது இரும்பே இல்லை. அதனால வழக்கம்ங்கிறது பிற்பாடு கட்டின கதை. சண்டைக்குன்னு கைக்கெட்டற எடத்துல வச்சதுதான் உண்மை."

எங்கள் வாதமே எங்களைத் திருப்பி அடித்தது. வெண்கலம், வெட்டாது என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். வெண்கலம் என்றால் அம்மா பொய் சொல்கிறாள் என்று ஆகிறது. இரும்பு என்றால் கத்தி வெட்டும் என்று ஆகிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

அம்மா அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்கிற வெண்கலத்தைத்தான் அவளுக்குத் தெரியும். கறுத்த வெண்கலம் அவள் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. மெதுவாகத் திரும்பி, மாஜிஸ்திரேட், வக்கீல், போலீஸ் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைத் தேடினாள்.

"ஏன்டி, இது வெங்கலமா?"

நான் தலையாட்டினேன்.

"வெங்கலத்தையா நான் நெல்லுக்குக் காவல் வச்சேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா பாவி? அதான் நெல்லும் போச்சு, எம் புள்ளையும் போச்சு." கூண்டின் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகை இல்லை. தப்பு நடந்துவிட்டது, தன் கையால் நடந்துவிட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றார். தீர்ப்பில், தாயாரின் சாட்சியம் நம்பத்தக்கது, நர்ஸின் சாட்சியம் தெளிவானது, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இருந்தது. கத்தியைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்றும் இருந்தது. அதை ஒரு துணிப்பையில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்சம் துக்கமாக இருந்தது, உடனே அப்படி இருந்ததற்குக் கோபமாக இருந்தது. ஆபீஸிலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் எழுதினேன், வேலை போகவில்லை. களத்து நெல் அதற்குள் மழையில் நனைந்து முளைவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் உதவாமல் போயிருந்தது. வயல் வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று.

தம்பி வெளியே வந்த அன்று மூவரும் பஸ் ஏறினோம். அம்மா முன் சீட்டில், மடியில் புளிச்சோற்றுத் தூக்கோடு. நானும் தம்பியும் அவளுக்குப் பின்னால். வெளியே எல்லா வயலிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. எனக்கு வாய் ஓயவில்லை. கூண்டில் நான் எப்படி நின்றேன், காயத்தைப் பற்றிச் சொன்னதும் போலீஸ் வக்கீல் முகம் எப்படிப் போயிற்று, எலுமிச்சம்பழத்தைச் சொன்னபோது மாஜிஸ்திரேட்டே லேசாகச் சிரித்தாரே கவனித்தாயா என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா."

"என்னாடா?"

"எலுமிச்சம்பழத்த அது வெட்டாதுதான்." சத்தமில்லாமல் பேசினான். "வேகமா எறக்குனா ஆளு மேல எறங்குதுக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் கையைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் காயம் கண்முன் வந்தது. பிய்ந்த தோல், கிழிந்த ஓரம். கூர் இல்லாத அலகு ஒருத்தன் கையில் இறங்கினால் வெட்டாது, கிழிக்கும். குத்திவிட்டு மறுபடி நெல்லுக்குள் செருகினால் நெல்லே துடைத்துவிடும். இதை யோசிக்க நர்ஸாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காரியக்காரர் முதல் நிமிஷத்திலிருந்து சொன்னது உண்மை. அவருக்குக் கட்டுப் போட்ட கையாலேயே சத்தியம் செய்து அவரைப் பொய்யர் ஆக்கியவள் நான். தம்பி மேல் கோபமா, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று நிம்மதியா, அந்த மனுஷரை நினைத்து வெட்கமா, எனக்குத் தெரியவில்லை.

அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பினாள். "என்னாடி சொல்றான்?"

"பசிக்குதாம்" என்றேன்.

"பாவம், ஒண்ணுந் தெரியாத புள்ள" என்று சோற்றை உருட்டி அவனிடம் நீட்டினாள்.